எந்த மரம்? யாருடைய நிலம்?

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம்; ஜூலை முதல் வாரம் 1950 முதல் கொண்டாடப்பட்டுவரும் வன மகோத்சவம். தென்மேற்குப் பருவமழையின் முதல் துளி விழுந்ததும் நாடெங்கும் அமைச்சர்களும் ஆட்சியர்களும் ஆலை நிர்வாகங்களும் மரக்கன்றுகளோடு புறப்பட்டு விடுகின்றனர். 2024 ஜூன் 5 அன்று பிரதமர் மோடி தாயின் பெயரால் ஆளுக்கொரு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி வைத்ததிலிருந்து இவ்விழாக்களின் ஆரவாரம் கூடியிருக்கிறது. எத்தனை கோடிக் கன்றுகள் நடப்பட்டன என்ற கணக்கு ஆண்டுதோறும் வெளியிடப்படுகிறது. எவ்வகை மரங்கள், எந்த நிலத்தில், யாருடைய ஒப்புதலோடு நடப்பட்டன, அவற்றுள் எத்தனை பிழைத்தன என்ற கேள்விகளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

இக்கேள்விகளுக்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. பெங்களூரு–ஓசூர் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் வட்டத்தில் உள்ள சந்தாபுராவையும் அதன் சுற்றுப்புறத்தையும் பார்த்தாலே போதும். ஒருபுறம் பொம்மசந்திரா தொழிற்பேட்டை, மறுபுறம் அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழக எல்லை. தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பல்லாயிரம் தொழிலாளர்கள், ஒடிசா, பீகார், அசாம் மாநிலத் தொழிலாளர்களோடு ஒற்றை அறை வாடகைக் குடியிருப்புகளில் வாழும் பகுதி இது. இரண்டு தலைமுறைகளுக்கு முன்பு இப்பகுதி ராகி வயல்களும் ஏரிகளும் நிறைந்த மானாவாரிச் சீமையாக இருந்தது. ராகி வயலுக்கும் இன்றைய மனைப்பிரிவுக்கும் இடைப்பட்ட காலத்தில் கிழக்குக் கர்நாடகத்தின் நிலங்களை ஆண்டது ஒரு மரம். தமிழில் தைல மரம் என்றும் கன்னடத்தில் நீலகிரி என்றும் அழைக்கப்படும் யூகலிப்டஸ்தான் அது. அம்மரத்தின் வரலாறு, இன்று காடு மீட்பு என்ற பெயரில் நடப்பவற்றைப் புரிந்துகொள்ள உதவும் வரலாறும் ஆகும்.

ராகி போய் மரக்கூழ் வந்த கதை

1976இல் தேசிய விவசாய ஆணையம் இரு பரிந்துரைகளை முன்வைத்தது. அரசுக் காடுகளில் ஆலைகளுக்கான மரங்களைப் பெருமளவில் வளர்ப்பது ஒன்று. கிராம மக்களின் விறகு, தீவனத் தேவைகளைக் காடுகளுக்கு வெளியே நிறைவு செய்யச் சமூகக் காடுகளை வளர்ப்பது மற்றொன்று. இதையொட்டி, உலக வங்கியின் கடனோடும் பிரிட்டிஷ் அரசின் நிதியோடும் 1983இல் கர்நாடகத்தில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் விரிவாக நடைமுறைக்கு வந்தது. ஏழைகளின் அடுப்புக்கு விறகு, கால்நடைகளுக்குத் தழை, தரிசுக்குப் பசுமை என்பனவே அறிவிக்கப்பட்ட நோக்கங்கள்.

நாற்றங்கால்களிலிருந்து வெளிவந்த கன்றுகளில் பெரும்பகுதி தைல மரக் கன்றுகளே. தைல மரத்தின் இலையை ஆடும் தின்னாது, மாடும் தின்னாது. அதன் தழை உரத்துக்கும் உதவாது. ஏழு, எட்டு ஆண்டுகளில் வெட்டி லாரியில் ஏற்றப்படும் கட்டைகள் ஆலைகளின் மரக்கூழுக்கும் நகரத்தின் கட்டுமானச் சாரங்களுக்கும் சென்றன. மலிவான அல்லது இலவசமான கன்றுகளை மிகுதியாகப் பெற்றவர்கள், நிலத்தை ஏழெட்டு ஆண்டுகள் வருமானமின்றி விட்டுவைக்க வசதியுள்ள பெரிய நிலவுடைமையாளர்களும் நகரத்தில் குடியிருந்த நிலச் சொந்தக்காரர்களுமே. கோலார், பெங்களூரு மாவட்டங்களில் ராகி விளைந்த நிலங்கள் தைல மரத் தோப்புகளாயின. கோலார் மாவட்டத்தில் இந்த மாற்றத்தால் ராகிச் சாகுபடிப் பரப்பு சுருங்கியதை 1981இல் வெளிவந்த ஆய்வொன்றே சுட்டிக்காட்டி எச்சரித்தது.

ராகிக்கு உழவு, விதைப்பு, களையெடுப்பு, அறுப்பு, களத்து வேலை என்று ஆண்டுதோறும் ஆள் வேண்டும். தைல மரத்துக்கு ஒரு முறை நட்டால் போதும். வெட்டும் வேலையை ஒப்பந்தக்காரர் தம் ஆட்களோடு வந்து முடித்துவிடுவார். வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்ப்பதால் மறுநடவும் தேவையில்லை. 1974ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் குத்தகைதாரருக்கு உரிமை வழங்கிய காலம் அது. குத்தகைதாரரும் வேண்டாம், கூலி உயர்வு கேட்கும் தொழிலாளரும் வேண்டாம் என்று எண்ணிய நிலவுடைமையாளருக்குத் தைல மரம் வசதியான புகலிடமாயிற்று. விவசாயத் தொழிலாளியின் வீட்டில் கூலி நாட்கள் குறைந்தன. கூலியாக வந்த ராகி குறைந்தது. ராகித் தாள் குறைந்ததால் மாட்டுத் தீவனமும் குறைந்தது. கிராமத்தில் வேலையிழந்தவர்கள் நகரத்தின் கட்டட வேலைக்கும் தொழிற்பேட்டையின் ஒப்பந்த வேலைக்கும் வந்து சேர்ந்தனர். ஏழைகளுக்கான காடு என்று சொல்லப்பட்ட திட்டம், ஏழைகளை நிலத்திலிருந்து வெளியேற்றும் கருவியாக மாறியது.

பொது நிலங்களும் தப்பவில்லை. 1984இல் கர்நாடக அரசு, பிர்லா குழுமத்தைச் சேர்ந்த ஹரிஹர் பாலிஃபைபர்ஸ் நிறுவனத்தோடு கூட்டாகக் கர்நாடக மரக்கூழ் நிறுவனத்தை உருவாக்கியது. பல மாவட்டங்களில் சுமார் 30,000 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 75,000 ஏக்கர் பொது நிலத்தைத் தைல மரம் வளர்க்க அதற்கு ஒதுக்குவது என்று முடிவாயிற்று. சிதைந்த நிலம் என்று அரசு ஏடுகளில் குறிக்கப்பட்ட அந்நிலங்கள்தான் சுற்றுப்புறக் கிராமங்களின் மேய்ச்சல் நிலம்; சுள்ளி பொறுக்கும் இடம்; தழையும் புல்லும் மூலிகையும் தந்த மண்.

மக்கள் இதைப் பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. 1983 ஆகஸ்டில் தும்கூர் மாவட்டத்தில் ரைத்த சங்கத்தின் தலைமையில் விவசாயிகள் வனத்துறை நாற்றங்காலுக்குள் திரண்டு சென்று, தைல மரக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்து, புளி, மா விதைகளை ஊன்றினர். 1987 நவம்பர் 14 அன்று அன்றைய தார்வாட் மாவட்டத்தின் குஸ்னூரில் ‘கித்திக்கோ–ஹச்சிக்கோ’, அதாவது ‘பிடுங்கு–நடு’ என்ற பெயரில் சத்தியாக்கிரகம் நடந்தது. நிறுவனம் நட்ட தைல மரக் கன்றுகளைப் பிடுங்கிய மக்கள், தமக்குப் பயன்படும் மரங்களின் கன்றுகளை அதே இடத்தில் நட்டனர். எழுத்தாளர் சிவராம் காரந்த், சமாஜ பரிவர்த்தன சமுதாயவின் எஸ்.ஆர்.ஹிரேமத் முதலியோர் இப்பிரச்சனையை உச்ச நீதிமன்றத்துக்கும் எடுத்துச் சென்றனர். தொடர்ந்த போராட்டத்தின் விளைவாக 1991இல் அந்தக் கூட்டு நிறுவனம் மூடப்பட்டது. காடு யாருக்கு என்ற கேள்வியில் பெருமுதலாளியைப் பின்வாங்க வைத்த போராட்டம் அது. அது மறக்கப்படலாகாது.

நீரின் கணக்கு

தைல மரம் நிலத்தடி நீரை உறிஞ்சிவிடும் என்பது மக்களின் பட்டறிவு. அது மூடநம்பிக்கை என்று வனத்துறையினரில் ஒரு பகுதியினர் நெடுங்காலம் வாதிட்டனர். 1980களின் பிற்பகுதியில் கர்நாடகத்தில் இந்திய, பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் கூட்டாக நடத்திய ஆய்வுகள் இச்சர்ச்சைக்குத் தெளிவு தந்தன. வறண்ட பகுதியில் ஓராண்டு காலத்தில் தைல மரத் தோப்பு குடிக்கும் நீர், அங்குள்ள இலையுதிர் இயற்கைக் காடு குடிக்கும் நீரைவிடப் பெரிதும் வேறுபடவில்லை. ஆனால் ராகிப் பயிர் குடிக்கும் நீரைப் போல அது ஏறத்தாழ இரு மடங்கு. பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொஸ்கோட்டேயில், ஆழமான மண் கொண்ட விளைநிலத்தில், பெய்த மழையைவிட அதிகமான நீரைத் தைல மரம் செலவிட்டது. வேர்கள் ஆண்டுதோறும் மேலும் ஆழத்துக்கு இறங்கி, மண்ணில் பல்லாண்டுகளாகச் சேர்ந்திருந்த ஈரத்தை எடுத்துக்கொண்டன.

நீலகிரி மலையில் நடந்த ஆய்வும் இதே திசையில் பேசுகிறது. கிளென்மார்கனில், புல்வெளியாக விடப்பட்ட நீர்ப்பிடிப்புப் பகுதியையும் ஒரு பகுதியில் தைல மரம் நடப்பட்ட நீர்ப்பிடிப்புப் பகுதியையும் அறிவியலாளர்கள் ஒப்பிட்டனர். முதல் சுற்று மரங்கள் வளர்ந்த காலத்தில் ஓடைக்கு வந்த நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டைகள் துளிர்த்த இரண்டாம் சுற்றில் 25 சதவீதம் குறைந்தது. மலையின் புல்வெளியைத் தரிசு என்று கருதிய ஆங்கிலேய ஆட்சி, அதில் சீகை மரத்தையும் தைல மரத்தையும் நட்டது. விடுதலைக்குப் பின்னும் அப்பார்வை மாறவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் தைல மரக் காடுகளுக்குள் வெட்டப்பட்ட வரப்புகள், ஏரிக்கும் கண்மாய்க்கும் போக வேண்டிய மழைநீரைத் தடுப்பதாக விவசாயிகள் இன்றும் போராடி வருகின்றனர்.

கர்நாடக அரசு 2017இல்தான் புதிதாகத் தைல மரம் நடுவதற்குத் தடை விதித்தது. தடை வந்த காலத்தில் ஆனேக்கல் போன்ற வட்டங்களில் நிலம் அடுத்த கட்டத்துக்குச் சென்றுவிட்டிருந்தது. ஆள் வைத்து உழாமல், காவல் வைக்காமல், விலை ஏறும்வரை நிலத்தைப் பிடித்து வைத்திருக்கத் தைல மரம் உதவியது. விலை ஏறியதும் தோப்பு மனைப்பிரிவாயிற்று. சந்தாபுரா ஏரிக்கு மழைநீர் கொண்டுவர வேண்டிய கால்வாய்கள் ஆலைக் கழிவையும் வீட்டுக் கழிவையும் கொண்டுவந்தன. ஏரியைக் காக்கத் தவறியதற்காக 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுமீது 500 கோடி ரூபாய் இழப்பீடு விதிக்கும் நிலை ஏற்பட்டது. அதே ஆனேக்கல் வட்டத்தை ஒட்டிய பன்னேர்கட்டா தேசியப் பூங்காவைச் சுற்றி 268.96 சதுர கிலோமீட்டர் என்று முன்மொழியப்பட்ட பாதுகாப்பு மண்டலம், 2020இல் இறுதி அறிவிக்கை வந்தபோது 168.84 சதுர கிலோமீட்டராகச் சுருங்கியிருந்தது. கைவிடப்பட்ட 100 சதுர கிலோமீட்டரில் யாருடைய நலன் காக்கப்பட்டது என்பது வெளிப்படை. காட்டை ஒருபுறம் விட்டுக்கொடுத்துவிட்டு, நெடுஞ்சாலை ஓரத்தில் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதைச் சுற்றுச்சூழல் கொள்கை என்று அழைக்க முடியாது.

அயல் மரம் எல்லாம் பகையா?

இதிலிருந்து அயல் மரம் அனைத்தும் தீது, நாட்டு மரம் அனைத்தும் நன்று என்ற எளிய முடிவுக்கு வந்துவிடக் கூடாது. தமிழர் சமையலில் நீங்கா இடம் பெற்ற புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. முந்திரி பிரேசிலிலிருந்து வந்தது. மண்ணின் மைந்தர், அந்நியர் என்று மனிதரைப் பிரிக்கும் அரசியலின் மொழியை மரங்களின் விஷயத்திலும் பேசுவது அறிவியலாகாது. ஒரு மரம் எங்கிருந்து வந்தது என்பதோடு, வந்த இடத்தில் அது என்ன செய்கிறது, யாருக்குப் பயன்படுகிறது, தன் நிழலில் பிறவற்றை வாழ விடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மேல்மண் அரித்துப்போன செம்மண் மேட்டில் நாவலும் இலுப்பையும் நட்டவுடன் வளர்ந்துவிடா. வெயிலும் காற்றும் மண்ணின் வறுமையும் கன்றுகளைக் கொன்றுவிடும். அத்தகைய இடங்களில், வறுமையைத் தாங்கி விரைவாக வளரும் மரங்கள் முதலில் நிழல் தந்து, சருகு உதிர்த்து, மண்ணைத் தேற்றுகின்றன. பறவைகளும் வௌவால்களும் கொண்டுவரும் விதைகள் அந்நிழலில் முளைக்கின்றன. போர்ட்டோ ரிகோ தீவில் அயல் மரத் தோப்புகளின் கீழ் நாட்டு மரங்கள் தாமே தலையெடுத்ததை ஏரியல் லூகோ போன்ற அறிவியலாளர்கள் பதிவு செய்திருக்கின்றனர். இலங்கையின் சிங்கராஜா மழைக்காட்டின் விளிம்பில், சிதைந்த நிலத்தில் கரீபியன் பைன் மரங்கள் நடப்பட்டிருந்தன. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குணத்திலக்க இணையரும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் அந்தப் பைன் தோப்பில் சில வரிசைகளை வெட்டி வெளிச்சம் வரச்செய்து, இடையில் மழைக்காட்டு மரங்களை நட்டனர். முழு நிழலில் நின்றவற்றைவிட, திறக்கப்பட்ட இடைவெளியில் அவை நன்கு வளர்ந்தன. அயல் மரம் அங்கே செவிலித்தாயாகப் பணியாற்றி, பிறகு விலகிக்கொண்டது. புதுச்சேரிக்கு அருகில் ஆரோவில்லின் அரித்துப்போன மேட்டுநிலத்திலும், முதலில் மழைநீரைத் தடுக்கும் வரப்புகள், பிறகு ஆஸ்திரேலிய அக்கேசியா, அதன் நிழலில் கீழைக் கடற்கரைக்கு உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்கள் என்ற வரிசையில் காடு மீட்கப்பட்டது.

இங்கே வேறுபாடு மரத்தைவிட நோக்கத்தில்தான் அடங்கியிருக்கிறது. செவிலியாக நட்ட மரத்தை உரிய காலத்தில் அகற்றி, நாட்டு மரங்களுக்கு வழிவிட்டால் காடு திரும்பும். ஆலைக்காக நட்ட மரத்தை ஏழாண்டுக்கு ஒருமுறை மொட்டையடித்தால், மண் ஒவ்வொரு முறையும் வறுமையிலிருந்தே தொடங்கும். இரண்டையும் ‘பசுமைப் பரப்பு’ என்று ஒரே கணக்கில் சேர்ப்பதுதான் மோசடி. வனப் பரப்பு அறிக்கைகள் செய்வது அதைத்தான். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரத் தழைகள் 10 சதவீதத்துக்கு மேல் நிழல் தந்தால், அது யாருக்குச் சொந்தமானாலும், எவ்வகை மரமானாலும், வனப் பரப்பாகவே எண்ணப்படுகிறது. அந்தக் கணக்கில் தைல மரத் தோப்பும் சோலைக் காடும் ஒன்றுதான்.

அயல் மரத்தை அகற்றுவதிலும் ஏழைகளை மறந்துவிடக் கூடாது. சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்ற உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் பிறப்பித்த உத்தரவுகள் தமிழகமெங்கும் பேசப்பட்டன. ஏரியையும் கால்வாயையும் மூடிய அம்மரம் அகற்றப்பட வேண்டியதே. எனினும் இராமநாதபுரம் சீமையில் அதை வெட்டிக் கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு மாற்று வேலையை முதலில் உறுதி செய்யாமல் இயந்திரத்தை இறக்குவது நியாயமல்ல. பிலிகிரி ரங்கன மலையின் சோலிகர் பழங்குடியினர் மற்றொரு பாடத்தைத் தருகின்றனர். கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் இடும் சிறு தீயை வனத்துறை தடை செய்த பிறகே உண்ணிச் செடி காட்டை மூடியது என்கின்றனர் அவர்கள். 2011இல் அவர்களுடைய சமூக வன உரிமை, புலிகள் காப்பகத்துக்குள்ளேயே அங்கீகரிக்கப்பட்டது. காட்டோடு வாழ்ந்தவர்களின் அறிவைப் புறந்தள்ளிக் காட்டை மீட்க முடியாது என்பதை வனத்துறை இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறது.

புதிய பெயரில் பழைய கொள்ளை

கர்நாடக மரக்கூழ் நிறுவனம் மூடப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதன் ஆவி இன்று தில்லியில் உலவுகிறது. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, காடு முதலில் சூழலுக்கும் அதை நம்பி வாழும் மக்களுக்கும் உரியது, ஆலைகளின் தேவை அதற்குப் பின்னரே என்று கூறியது. நீண்டகாலச் சோதனையின்றி அயல் மரங்களைப் புகுத்தக் கூடாது என்றும் கூறியது. 2018இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வரைவுக் கொள்கை, சிதைந்த வன நிலங்களில் தனியாரோடு கூட்டு என்ற கதவை மீண்டும் திறந்தது. 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, பல வகை வன நிலங்கள் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து விலக்கப்பட்டன. 1996ஆம் ஆண்டின் கோதவர்மன் தீர்ப்பு வகுத்த வனம் என்ற விரிந்த பொருளையே தற்போதைக்குப் பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவிட நேர்ந்தது.

அதே 2023இல் வந்ததுதான் பசுமைக் கடன்மதிப்புத் திட்டம். நிறுவனங்கள் பணம் கட்டினால் வனத்துறை சிதைந்த வன நிலத்தில் மரம் நடும். அதற்கான மதிப்பு நிறுவனத்தின் கணக்கில் சேரும். வேறோர் இடத்தில் காட்டை அழிப்பதற்கு ஈடாக அதைக் காட்டிக்கொள்ளலாம். 2024 பிப்ரவரியில் வெளியான வழிமுறை, ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரங்கள் என்று அளவு வைத்தது. புல்வெளிக்கும் முட்காட்டுக்கும் பாறைச் சரிவுக்கும் ஒரே அளவு. அவை சிதைந்த காடுகளே அல்ல. அவற்றின் இயல்பே அதுதான். ஆடு மாடு மேய்ப்போரின் வாழ்வாதாரமும் அங்கேதான் இருக்கிறது. கிரேட் நிக்கோபார் தீவில் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை அழிப்பதற்கு ஈடாக, கடல் கடந்து, வறண்ட ஹரியானாவில் மரம் நட முன்மொழிந்த ஆட்சியிடம் வேறெதை எதிர்பார்க்க முடியும்?

1842இல் இளம் மார்க்ஸ் ரைன்லாந்துச் சட்டமன்றத்தின் விவாதத்தை விமர்சித்து எழுதியபோது, காட்டில் விழுந்து கிடந்த சுள்ளியை ஏழைகள் பொறுக்குவதைத் திருட்டாக்கும் சட்டத்தின் பின்னால் வன உடைமையாளர்களின் நலன் இருப்பதைத் தோலுரித்தார். கியூபாவில் ஸ்பானியத் தோட்ட முதலாளிகள் ஒரு தலைமுறைக் காப்பி இலாபத்துக்காக மலைச்சரிவுக் காட்டை எரித்ததையும், பின்னர் வெப்பமண்டல மழை மேல்மண்ணை அடித்துச் சென்று வெறும் பாறையை விட்டுவைத்ததையும் எங்கெல்ஸ் சுட்டிக்காட்டினார். உடனடி இலாபத்தை மட்டுமே காணும் உற்பத்தி முறைக்கு மண்ணின் நாளை குறித்து அக்கறை இராது என்பதே அவர் தந்த பாடம். ஆனேக்கல் வட்டத்தின் ராகி வயலுக்கும் அப்பாடம் அப்படியே பொருந்துகிறது.

செய்ய வேண்டியது என்ன?

சிதைந்த நிலங்களை மீட்பது அவசியமான, அவசரமான பணி. வெப்பம் கூடி, மழை தடுமாறும் காலத்தில் அதை அலட்சியப்படுத்த முடியாது. எனவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். எந்த நிலம் சிதைந்தது, அதில் என்ன வளர வேண்டும் என்பதை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி கிராம சபை முடிவு செய்ய வேண்டும். மேய்ச்சல் நிலம், புல்வெளி, கர்நாடகத்தின் கோமாளம், குண்டுதோப்பு ஆகிய பொது நிலங்களை எந்த நிறுவனத்துக்கும் ஒப்படைக்கக் கூடாது. புங்கன், வேம்பு, நாவல், இலுப்பை, அத்தி, ஆல் என அந்தந்த மண்ணுக்குரிய மரங்களின் நாற்றங்கால்களை ஊராட்சிகள் நடத்த வேண்டும். நடவும் பராமரிப்பும் ஊரக வேலைத் திட்டத்தில் முழுக் கூலியோடு விவசாயத் தொழிலாளர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்குக் கிடைக்க வேண்டும். தைல மரத்தைக் கைவிட்டு ராகிக்குத் திரும்ப விரும்பும் சிறு விவசாயிக்குக் கட்டைகளை அகற்றும் செலவையும், விளைந்த ராகிக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொள்முதலையும் அரசு ஏற்க வேண்டும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கைக்குப் பதிலாக, ஐந்தாம் ஆண்டில் உயிரோடு நிற்கும் மரங்களின் கணக்கைக் கிராம சபையின் தணிக்கையோடு வெளியிட வேண்டும்.

இக்கோரிக்கைகள் கிராமத்துக்கு மட்டும் உரியவை என்று தொழிலாளர் அரங்கில் பணியாற்றும் தோழர்கள் கருதிவிடக் கூடாது. பெங்களூரின் கிழக்குப் பகுதி நீர் தென்பெண்ணையாகித் தமிழகத்துக்குள் நுழைகிறது. அங்கே வெட்டப்படும் மரமும் நஞ்சாகும் ஏரியும் ஓசூர், கிருஷ்ணகிரி விவசாயியின் பாசனத்தைத் தொடுகின்றன. சந்தாபுராவின் வாடகை அறையில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்திருக்கும் தொழிலாளி, ஒரு தலைமுறைக்கு முன் ராகிக் களத்தில் கூலி இழந்தவரின் மகனாக இருக்கலாம். தொழிற்சங்கமும் விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும், கன்னடம், தமிழ் என்ற பிரிவினையின்றி, ஏரிக்கும் பொது நிலத்துக்கும் காட்டுக்குமான போராட்டத்தைத் தம் அன்றாட வேலைத்திட்டத்தில் சேர்க்க வேண்டும். குஸ்னூர் மக்கள் பிடுங்கியதோடு நிற்கவில்லை, நடவும் செய்தார்கள். அந்த இரட்டைக் கடமையை நிறைவேற்றும் ஆற்றல், அமைப்பாகத் திரண்ட உழைக்கும் மக்களுக்கே உண்டு.